மணல், கரி, புகை: சென்னைத் துறைமுகம் வடக்கே தள்ளிவிட்ட கதை



போன கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதற்கு, "ஏன்டா, பரீட்சை பேப்பர் மாதிரியே எழுதற" என்று வகுப்பில் நல்ல திட்டு விழுந்தது. அதனால் இந்த முறை கொஞ்சம் சரித்திரம். பி.காம். படிக்கிறவனுக்குத் துறைமுகச் சரித்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு அம்பத்தூரில். அப்பா எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் கடைந்து கொடுக்கும் பாகங்கள் பெரிய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து பெட்டியில் ஏறி, கடல் கடந்து எங்கெங்கோ போகின்றன. போன வருடம் கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு சரக்கு ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். பில்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. அங்கே ஒரு டிரெய்லர் ஓட்டுநர் கையெழுத்துக்காக வந்திருந்தார். கண்கள் சிவந்து, சட்டையெல்லாம் தூசி. எஸ்டேட்டிலிருந்து துறைமுகம் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அவர் வரிசையில் இரண்டு ராத்திரி படுத்திருக்கிறார். "தம்பி, சிங்கப்பூருக்குப் போறது ஈஸி. திருவொற்றியூரைத் தாண்டுறதுதான் கஷ்டம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய ஊருக்கு ஏன் இப்படி ஒரு துறைமுகம்? அதை அங்கே வைக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? அதன் செலவை யார் கொடுக்கிறார்கள்? தேடிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. சென்னைத் துறைமுகத்தின் 150 வருடக் கதையே ஒரு பிரச்சினையைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கிற கதைதான். முதலில் மணல், அப்புறம் கரி, அப்புறம் லாரி, கடைசியாகப் புகை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துறைமுகமே இல்லாத துறைமுக நகரம்

1639இல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கியபோது கப்பல் நிறுத்த இயற்கையான இடம் எதுவும் கிடையாது. பம்பாய்க்கு இருந்த மாதிரி விரிகுடா இல்லை, கல்கத்தாவுக்கு இருந்த மாதிரி ஆறு இல்லை. நேரான மணல் கரை, அதில் இடைவிடாமல் அடிக்கிற அலை, அவ்வளவுதான். கப்பல்கள் தூரத்தில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும்.

இந்த மசூலா படகு ஒரு அற்புதமான சாமான். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஆங்கிலேயர்களின் சொந்தப் படகுகள் இந்த அலையில் தாக்குப்பிடிக்கவில்லை. ஆக, சுமார் இருநூறு வருடத்துக்கு மேல் இந்த நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதி முழுவதும் நம் மீனவர்களின் கயிற்றுத் தையலை நம்பித்தான் நடந்தது. புத்தகங்களில் கம்பெனி லாபம் கம்பெனி லாபம் என்று வருகிறதே, அது கரை சேர்ந்தது இப்படித்தான்.

இதில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இன்றைக்கு நாம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொங்கிக்கொண்டு போகிற அதே பாதைதான். ராயபுரம் என்பது கடற்கரை. உள்நாட்டுச் சரக்கைக் கடலோரம் கொண்டுவந்து சேர்ப்பது அந்த ரயிலின் முக்கியமான வேலைகளில் ஒன்று. அதாவது ஆவடியில் தொழிற்சாலைகள் வருவதற்கு நூறு வருடம் முன்னாலேயே ஆவடி வழி துறைமுக வழியாகிவிட்டது.

ரயில் வேகமாகக் கொண்டுவந்து கொட்டுகிறது, ஆனால் கரையில் படகு மெதுவாக ஏற்றுகிறது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1861 வாக்கில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 1868, 1872 புயல்கள் அதைப் பயனில்லாமல் ஆக்கின. சரி, கடலுக்குள் கற்சுவர் எழுப்பி ஒரு செயற்கைக் குளம் மாதிரி துறைமுகம் செய்துவிடலாம் என்று 1870களின் நடுவில் வேலை தொடங்கியது. வேலை கிட்டத்தட்ட முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று ஒரு புயல் வந்து சுவர்களின் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடியும் கட்டினார்கள். முடிய 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

முதல் தள்ளல்: மணல்

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே உருட்டிச் செல்லும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே போகும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வடக்கே போவதுதான் மிகுதி. நம் பாஷையில் சொன்னால், தெற்கில் வரவு, வடக்கில் பற்று, இரண்டும் சரியாக இருக்கும்வரை கரை நிலையாக இருக்கும்.

குறுக்கே ஒரு சுவர் கட்டினால்? மணல் சுவரின் தெற்குப் பக்கம் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வரவு நின்றுவிடும், ஆனால் பற்று நிற்காது. அலை எடுத்துப்போவதை எடுத்துப்போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியே நடந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து ஒரு மாபெரும் கடற்கரை உருவானது. அதுதான் நம் மெரினா! நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு கால் வலிக்க நடக்கிற அந்த அகலமெல்லாம் பெருமளவில் துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல். அதே நேரத்தில் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. கரையைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். ஒரு இடத்தில் கட்டினால் அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு அரிப்பு. அவர்கள் போராடுவார்கள், அங்கே ஒன்று கட்டுவார்கள். அப்புறம் அதற்கும் வடக்கே.

மெரினாவின் மணலும் வடசென்னையின் அரிப்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஆனால் தென்சென்னைக்காரர்கள் வரவு வைத்துக்கொண்டார்கள், வடசென்னைக்காரர்கள் பற்று எழுதிக்கொண்டார்கள். இதை யாரும் வேண்டுமென்று திட்டமிடவில்லைதான். ஆனால் வடக்கே இருந்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

துறைமுகத்துக்கே இந்த மணல் தலைவலியாகத்தான் இருந்தது. வாசல் கிழக்கைப் பார்த்து இருந்ததால் அலையும் மணலும் உள்ளே வந்தன. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறந்து, அதற்குப் பிறகுதான் இது ஒழுங்கான துறைமுகமாக ஆனது. 1905இல் துறைமுகப் பொறுப்புக் கழகமும் அமைந்தது.

இந்த ஸ்பிரிங் துரையின் ஆபீசில்தான் 1912 மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். கணக்குப் பிரிவு. பெயர் சீனிவாச ராமானுஜன்! காமர்ஸ் மாணவர்களே, கணக்குப் பிரிவில் உட்கார்ந்தால் எதிர்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள் :-)

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்தை ஒட்டித்தான். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிகள் சொல்வது அந்த ராத்திரியிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது தள்ளல்: கரி

சுதந்திரத்துக்குப் பிறகு துறைமுகம் வேகமாக வளர்ந்தது. 1964இல் ஜவஹர் டாக். 1970களில் பாரதி டாக்: எண்ணெய்க் கப்பலுக்கும், ஜப்பான் போன்ற நாடுகளுக்குப் போகிற இரும்புத் தாதுவுக்கும். 1983இல் கன்டெய்னர் முனையம். அதே காலத்தில்தான் எங்கள் பக்கம் மாறியது. ஆவடியில் 1960களில் டாங்க் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பின்னர் 1990களின் கடைசியில் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை. மேற்கே உற்பத்தி, கிழக்கே ஏற்றுமதி.

துறைமுகத்தின் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது? ஜார்ஜ் டவுன், ராயபுரம், தண்டையார்பேட்டை. இந்தியாவிலேயே ஆள் நெருக்கம் அதிகமுள்ள இடங்களில் சில. அங்கே மலை மலையாக நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் திறந்த வெளியில் குவித்து, கிராப் போட்டு அள்ளி, வேகனில் கொட்டினால் என்ன ஆகும்? கடலிலிருந்து காற்று கரைக்கு வீசும்போது தூசி ஊருக்குள் வரும். துணி காயப்போட்டால் கறுப்பு, மொட்டை மாடியில் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு என்று வடசென்னை மக்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள்.

நிலக்கரிக்கென்றே தனித் துறைமுகம் வேண்டும் என்று எண்ணூரில் ஒன்று கட்டப்பட்டது. 2001இல் அது செயல்படத் தொடங்கியது. அப்போதைய தமிழ்நாடு மின்சார வாரியத்தின் அனல் மின் நிலையத்துக்கு வரும் கரி அங்கே இறங்கியது. 2014இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் மற்றவர்கள் இறக்குமதி செய்யும் கரியும், தாதுவும் சென்னையிலேயே தொடர்ந்தன.

கடைசியில் விஷயம் நீதிமன்றம் போனது. 2011 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசி எழுப்பும் சரக்குகளைக் கையாள்வதை நிறுத்தி எண்ணூருக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வருடத்தின் பிற்பகுதியில் கரி நின்றது.

கணக்கைப் பாருங்கள். 2010-11இல் சென்னைத் துறைமுகம் கையாண்ட சரக்கு சுமார் 6.1 கோடி டன். 2012-13இல் சுமார் 5.3 கோடி டன். இரண்டே வருடத்தில் 80 லட்சம் டன் குறைவு. துறைமுகத் தொழிலாளர்கள் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ராயபுரத்துக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அதுவும் நியாயமானது.

ஆனால் கரி காணாமல் போகவில்லை. எண்ணூருக்குப் போனது. எண்ணூரிலும் ஆள் இருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலை, பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை எல்லாம் இருந்தன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். நீதிமன்றம் செய்தது ராயபுரத்துக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மணல் கதையில் எந்தத் திசையோ, கரிக் கதையிலும் அதே திசை: வடக்கு.

மூன்றாவது தள்ளல்: லாரி

கன்டெய்னர் மட்டும் சென்னையிலேயே தங்கியது. கன்டெய்னருக்குத் தூசி இல்லை, சுத்தமான சரக்கு என்று பேர். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டிரெய்லர் வேண்டும். டிரெய்லர்கள் அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து பைபாஸ் ஏறி, மாதவரம், மணலி சுற்றி, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டும். பெயரில் மட்டும்தான் விரைவு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, லாரி நின்றுகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், அந்தப் பக்கம் கடல்.

இதற்குத் தீர்வாக மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை சுமார் 19 கிலோமீட்டர் பறக்கும் சாலை என்று 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பின. ஆட்சி மாறியது. கூவத்தில் நீரோட்டம் தடைபடும் என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு நடந்தது. மறுபடி பேச்சுவார்த்தை. 2022 மே 26 அன்று பிரதமர் மோடி, இரண்டடுக்குச் சாலையாக மாற்றிய திட்டத்துக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள் அடிக்கல்! நடுவில் பத்து வருடம் கூவத்தில் மொட்டைத் தூண்கள் நின்றதைக் கோயம்பேடு பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த இடைவெளியில் வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. வண்டலூரிலிருந்து பூந்தமல்லி, ஆவடி பக்கமாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். அது நேராகக் கொண்டுபோய் விடுவது எங்கே? மீஞ்சூருக்குக் கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். சாலையும் வடக்கு என்று முடிவு செய்துவிட்டது.

நான்காவது: புகை

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். கப்பலே விடுகிற புகை பற்றி ரொம்ப நாளாக யாரும் பேசவே இல்லை. நானும் யோசித்ததில்லை.

கப்பல் கரையில் கட்டி நிற்கும்போது பெரிய இன்ஜின் நின்றுவிடும். ஆனால் விளக்கு, பம்பு, குளிர்பதனப் பெட்டி, மாலுமிகளின் சமையல், எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டுமே. அதற்காகத் துணை இன்ஜின்கள் இரவு பகலாக ஓடும். ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றாலே நமக்குத் தலை சுற்றும். கப்பல் என்பது அப்படிப் பல ஜெனரேட்டர். அதுவும் ஊருக்குப் பக்கத்தில்.

எரிபொருள் என்ன? கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தார் மாதிரியான கனத்த எண்ணெய்தான் கப்பல்களின் பாரம்பரிய உணவு. பங்கர் எண்ணெய் என்பார்கள். மலிவு. ஆனால் அதில் கந்தகம் அதிகம். எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் வரும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கேடு. ஜேம்ஸ் கார்பெட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கப்பல் புகையின் நுண்துகளால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் அகால மரணம் அடைவதாக மதிப்பிட்டது. பெரும்பாலும் ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியாவின் கடலோரங்களில். தெற்காசியா என்றால் நாமும்தான்.

கப்பல் மாசுக்கான உலக ஒப்பந்தம் மார்போல். 1970களிலேயே எண்ணெய்க் கசிவுக்கு விதி போட்டார்கள். ஆனால் காற்றுக்கான ஆறாவது இணைப்பு 1997இல் எழுதப்பட்டு 2005இல்தான் அமலுக்கு வந்தது. கந்தக வரம்பு முதலில் 4.5 சதவீதம், 2012இல் 3.5, 2020 ஜனவரி 1 முதல் 0.5. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு ஒப்பீடு. 2020 ஏப்ரல் முதல் நம் லாரிகளுக்கு வந்த பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான் இருக்கலாம். கப்பலுக்கு அனுமதி பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு. அதாவது வாசலில் வரிசையில் நிற்கும் லாரியைவிட, உள்ளே நிற்கும் கப்பலின் எண்ணெயில் 500 மடங்கு வரை கந்தகம் இருக்கலாம், சட்டப்படியே.

ஐரோப்பியத் துறைமுகங்களில் கட்டி நிற்கும் கப்பலுக்கு 2010 முதலே 0.1 சதவீதம்தான். பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரை என்று சில இடங்கள் கடுமையான கட்டுப்பாட்டுப் பகுதிகள். 2025இல் மத்தியதரைக் கடலும் சேர்ந்தது. நம் கடற்கரை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே கப்பல் ராட்டர்டாமில் நல்ல எண்ணெயும் இங்கே மலிவு எண்ணெயும் போட்டுக்கொள்ளலாம். விருந்தாளி வந்தால் எடுக்கிற வெள்ளித் தட்டு மாதிரி.

வேறு வழி உண்டு. கப்பல் கரைக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து மின்சாரம் கொடுப்பது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 2000ஆம் ஆண்டிலும் லாஸ் ஏஞ்சல்ஸில் 2004இலும் தொடங்கிவிட்டார்கள். இந்திய அரசும் 2023இல் வெளியிட்ட ஹரித் சாகர் பசுமைத் துறைமுக வழிகாட்டுதலில் இதை வலியுறுத்தியிருக்கிறது. சின்னச் சின்னச் சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல கப்பல்கள் 60 ஹெர்ட்ஸ். மாற்றும் கருவி வேண்டும், செலவு.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. சென்னையில் கப்பலுக்கு பிளக் கொடுத்தால் அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒரு பகுதி எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து. எண்ணூரில் கரி இறங்கி, எண்ணூர் பக்கத்தில் எரிந்து, சென்னையில் கப்பல் சுத்தமாக நிற்கும். மறுபடியும் வடக்கு! சூரிய ஒளியும் காற்றாலையும் அதிகமாகும் அளவுக்குத்தான் அந்த பிளக் உண்மையில் சுத்தம்.

பங்கர் எண்ணெயைக் கண்ணால் பார்க்காதவர்கள் யாரும் சென்னையில் இருக்க முடியாது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். பிறகு 190 டன்னுக்கும் மேல் என்று தெரிந்தது. எர்ணாவூர் கரையில் பாறைகளுக்கிடையே தேங்கிய அந்தக் கறுப்புக் குழம்பை மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளியதை டிவியில் பார்த்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கையால் அள்ளியதும், தினமும் புகைபோக்கி வழியாக மேலே போவதும் ஒரே குடும்பத்துச் சரக்கு. ஒன்று தெரிந்தது, இன்னொன்று தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலுக்கு ஒரு பட்டா

சென்னைத் துறைமுகத்திலிருந்து காட்டுப்பள்ளி வரை வரைபடத்தில் பாருங்கள். சுமார் முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு பழைய துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஒரு கழிமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். நடுநடுவே மீனவக் குப்பங்கள். கப்பல் பாதை, நங்கூர இடம், தூர்வாரும் இடம், அனல் நிலையத்தின் சுடுநீர் வெளியேறும் இடம், வலை விடுகிற இடம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. தரையில் ஒரு சென்ட் நிலத்துக்கே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று கேட்கிறோம். கடலில் முதலில் சுவர் கட்டியவருக்கு இடம்.

1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முக்கியமாகக் கரைப் பக்கத்தைத்தான் பார்த்தது. கடலின் பரப்பையே திட்டமிட்டு, எந்த இடம் யாருக்கு, எந்தக் காலத்தில், எதற்கு என்று எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்வது உலகில் பல நாடுகளில் வந்துவிட்டது. இங்கே 2019இல் நார்வேயுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி புதுச்சேரியிலும் லட்சத்தீவிலும் இதைத் தொடங்கினார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு புதுச்சேரிக்கு 2023இல் ஒரு திட்டச் சட்டகம் வெளியானது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதிக நெருக்கடி உள்ள எண்ணூரை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் தொடங்கினால், சாலையில் ஆளில்லாத நேரத்தில் டிராபிக் போலீஸ் நிற்கிற மாதிரிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீர்ப்பரப்பைப் பங்கு போடுவது இந்தக் கரைக்குப் புதிதே இல்லை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இறால் அதிகம் கிடைக்கும் இடங்களைக் குறித்து வைத்து, இன்று இந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது, எல்லாருக்கும் சுற்றி வரும். இந்த முறையிலும் குறை உண்டு. சில சமூகத்தாருக்குத்தான் அந்த உரிமை, மற்றவர்கள் வெளியே நிற்கவேண்டும். இருந்தாலும் "கெட்ட இடமும் எல்லாருக்கும் சுற்றி வரவேண்டும்" என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் நகரத் திட்டத்தில் இல்லாதது அதுதான். நம்முடைய பாட்டில் கெட்ட சீட்டு எப்போதும் வடக்கத்தியவருக்கே விழுகிறது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிவாக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டு, பழவேற்காடு மீனவர்கள் எதிர்த்ததும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போனதும் செய்தியில் படித்திருப்பீர்கள். மணல் கதையில் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இப்போது கேட்கவேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது. 150 வருடத்தில் இது ஒரு முன்னேற்றம்.

பில்லில் இல்லாத வரி

கடைசியாக நம் பாடத்துக்கு வருவோம். அந்த முகவர் அலுவலகத்தில் நான் சரிபார்த்த பில்களில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. கடல் கட்டணம், முனையக் கட்டணம், ஆவணக் கட்டணம், தாமதமானால் டிடென்ஷன், டெமரேஜ். பெட்டி ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்தால் அதற்குக் காசு. ஓட்டுநர் இரண்டு ராத்திரி காத்திருந்ததற்கு வரி இல்லை. எர்ணாவூர்ப் பிள்ளைகள் சுவாசித்ததற்கு வரி இல்லை. கடல் கொண்டுபோன தெருவுக்கு வரி இல்லை.

ஆனால் ஒரே ஒரு வரி என்னை நிறுத்தியது. குறைந்த கந்தக எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம். 2020 விதியை ஒட்டிக் கப்பல் கம்பெனிகள் சேர்த்தது. சின்னத் தொகைதான். ஏற்றுமதியாளர்கள் அதற்கும் முணுமுணுக்கிறார்கள். எனக்கென்னவோ அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடக் கதையில் காற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று பில்லிலேயே எழுதியிருப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஒரு விதி வந்தால் ஒரு வரி வரும். வரி வந்தால் யாராவது அதைக் குறைக்க வழி தேடுவார்கள். காமர்ஸ் இவ்வளவுதானே?

இதை எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ என்னதான் பண்ணச் சொல்ற? கப்பலே வேண்டாங்கறியா?" இல்லை. கப்பல் நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும், எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் ஓடுவதற்கான விலையில் ஒரு பங்கை எண்ணூர்க்காரர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், குறைந்தபட்சம் அதைக் கணக்கில் எழுதவேண்டும் என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எழுதினா நல்லதுதான்" என்றார்.

கோடையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்பத்தூரில் மொட்டை மாடிக்குப் போனால் கடல் காற்று வரும். "வந்துருச்சு" என்று எல்லா மாடியிலிருந்தும் சத்தம் கேட்கும். எங்களை வந்து சேர்வதற்கு முன்னால் அது யார் யார் வீட்டைத் தாண்டி வருகிறது என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

தூத்துக்குடி, கொழும்பு, பினாங்கு என்று துறைமுக ஊர்களில் இருக்கிற நண்பர்கள் உங்கள் ஊரில் எந்தத் திசைக்குத் தள்ளுகிறார்கள் என்று சொன்னால் தெரிந்துகொள்வேன். அடுத்த முறை சந்திப்போம்.